பாய்ஸ் ஹோம் அதிகாரியின் வேலை உண்மையில் என்ன?

“ஒழுங்கா இரு, இல்லேன்னா பாய்ஸ் ஹோம்ல கொண்டுபோய் விட்டுருவேன்.” சிங்கப்பூரில் வளர்ந்த தமிழ்ப் பையன்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. தடம் மாறிய பையன்களை நீதிமன்றம் அனுப்பிவைக்கும் இல்லம் அது. சொன்ன அப்பாவுக்கும் அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரியாது, கேட்ட பையனுக்கும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அவன் வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்திருப்பான்.

இதன் பக்கவிளைவு அங்கே வேலை பார்ப்பவர்கள் தலையில் விழுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் மாமா, “என்ன வேலைப்பா பாக்குற?” என்பார். பதிலைக் கேட்டதும், “ஓ, ஜெயில் வார்டனா? அடிப்பீங்களா?” என்பார். எதிரே இருக்கும் அத்தை, “பாவம் அந்தப் பிள்ளைங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருத்துங்க” என்பார். மாமாவுக்கு அது லாக்கப், அத்தைக்கு அது நீதிபோதனை வகுப்பு. அந்த அதிகாரி செய்யும் வேலை இந்த இரண்டிலும் அடங்காது. இதைப் பற்றி முதல்முறையாகக் கேட்பவர்களுக்காக அடியிலிருந்தே சொல்கிறேன்.

## எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம்

சிங்கப்பூர் பாய்ஸ் ஹோம் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கான சிங்கப்பூர் கேர்ள்ஸ் ஹோம் டெஃபு பக்கம். இரண்டையும் நடத்துவது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. சிறைத்துறைக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. இது நிர்வாக விவரம் மட்டும் அல்ல. உள்ளே நடக்கும் வேலையின் குணமே இதிலிருந்துதான் வருகிறது.

பாய்ஸ் டவுன் வேறு. அது 1948-இல் தொடங்கிய கத்தோலிக்க அறநிறுவனம், அப்பர் புக்கிட் தீமா சாலையில் இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் அங்கே வளர்ந்த பிள்ளைகளைக் குற்றவாளிகள் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அநியாயம்.

அடுத்து, சீர்திருத்தப் பயிற்சி. செய்தித்தாளில் “இளையருக்குச் சீர்திருத்தப் பயிற்சி” என்று படித்துவிட்டு அதுவும் பாய்ஸ் ஹோம்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் 16 முதல் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கான தண்டனை. அதை நடத்துவது சிறைத்துறை. 2018-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, உள்ளே இருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலத்தை 6 மாதம் அல்லது 12 மாதம் என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது.

நாம் பேசப்போவது முதலில் சொன்ன இரண்டு இல்லங்களைப் பற்றி. அங்கே பிள்ளைகளுடன் நாள் முழுக்க இருக்கும் ஊழியருக்கு யூத் கைடன்ஸ் ஆபீசர், அதாவது இளையர் வழிகாட்டி அதிகாரி, என்று பெயர்.

## யார் உள்ளே வருகிறார்கள்

சிங்கப்பூரில் 10 வயது ஆகாத பிள்ளை எதைச் செய்தாலும் சட்டம் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. முன்பு இந்த எல்லை 7 வயதாக இருந்தது; 2019-இல் நிறைவேறிய சட்டத் திருத்தம் அதை உயர்த்தியது. 10 வயதைத் தாண்டி, 16 ஆவதற்குள் குற்றம் செய்தால் வழக்கு பொதுவாக இளையர் நீதிமன்றத்துக்குப் போகும். 2014 முதல் அது குடும்ப நீதிமன்றங்களின் ஒரு பகுதி. நீதிபதி தனியாக முடிவெடுப்பதில்லை; சமூகத்திலிருந்து இரண்டு ஆலோசகர்கள் உடன் இருந்து கருத்துச் சொல்வார்கள். பிள்ளையின் அடையாளத்தை யாரும் வெளியிடக்கூடாது.

மாட்டிக்கொண்ட பையன் மறுநாளே பாய்ஸ் ஹோமில் இருப்பான் என்று நினைக்க வேண்டாம். கடையில் சாக்லெட் எடுத்தவன் போலீஸ் எச்சரிக்கையோடு, அல்லது சில மாத வழிகாட்டுத் திட்டத்தோடு, நீதிமன்றப் படியே ஏறாமல் போய்விடலாம். அதற்கு மேலே நன்னடத்தைக் கண்காணிப்பு இருக்கிறது: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை, வீட்டில் இருந்தபடியே. வார இறுதிகளில் மட்டும் உள்ளே தங்கவைக்கும் ஆணை உண்டு. அதிகபட்சம் 6 மாதம் தடுத்து வைக்கும் ஆணையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, 3 ஆண்டு வரை சிறார் சீர்திருத்த நிலையத்துக்கு, அதாவது நாம் பேசும் இந்த இல்லங்களுக்கு, அனுப்பும் ஆணை.

ஏன் இத்தனை படிகள்? நீதிமன்றத்தின் இரக்கம் மட்டும் காரணம் இல்லை. லேசாகத் தடம் மாறிய பையனை, கும்பல், கத்தி, போதைப்பொருள் என்று ஆழத்துக்குப் போய்விட்டவர்கள் நடுவே கொண்டுபோய் வைத்தால் அவன் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடும். பதின்ம வயதில் சகாக்கள் சிரித்தாலே போதும், கைதட்டிய மாதிரி. பழைய சாகசங்களைச் சொல்லிச் சிரிப்பதே ஒரு பாடமாக மாறிவிடும். ஆய்வாளர்கள் இதைச் சகாக்கள்வழித் தொற்று என்கிறார்கள். அதனால் ஆபத்து குறைந்தவர்களை வெளியிலேயே வைத்துப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சரி, அந்த அப்பாவின் மிரட்டல்? அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெற்றோரால் சமாளிக்க முடியாத பிள்ளைக்காக நீதிமன்றத்தை நாட சட்டத்தில் வழி உண்டு. முன்பு ‘பியோண்ட் பேரண்டல் கண்ட்ரோல்’ என்றார்கள். இப்போது அதன் பெயர் குடும்ப வழிகாட்டு ஆணை. ஆனால் பையனை டாக்சியில் ஏற்றி ஜூரோங் வெஸ்ட்டில் இறக்கிவிட்டு வர முடியாது. முதலில் குடும்பமே சேர்ந்து ஒரு வழிகாட்டுத் திட்டத்தில் உட்கார வேண்டும். அதில் அப்பாவையும்தான் கேள்வி கேட்பார்கள். மிரட்டும்போது இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை!

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: உள்ளே இருப்பவர்களில் குற்றம் செய்தவர்களும் உண்டு, குற்றம் செய்யாமல் குடும்ப வழிகாட்டு ஆணையால் வந்தவர்களும் உண்டு. குற்றம் செய்து வந்தவர்கள் பலருக்கு மற்ற வழிகள் ஏற்கெனவே பலிக்காமல் போயிருக்கும். அதிகாரியின் வேலை இங்கிருந்து தொடங்குகிறது.

## இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது உடனே புரியும். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் மாணவர் கையில். ஆசிரியர் அந்த பிரேக்கைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்தால் புக்கிட் பாத்தோக் திருப்பத்தில் யாராவது அடிபடுவார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் அவரே மிதித்தால் விபத்து நடக்காது, ஆனால் மாணவருக்கு ஓட்டவும் வராது. நல்ல ஆசிரியர் பிரேக் பக்கம் போகாமல் பேச்சிலேயே வேலையை முடிப்பார்: “முன்னாடி பாருங்க, லாரி வருது, வேகத்தைக் குறைங்க.” பக்கத்தில் ஆள் இல்லாமல் மாணவர் தனியாக ஓட்டப்போகும் நாளுக்காகத்தான் அத்தனை பாடமும்.

இல்லத்தின் பூட்டு, கதவு, கேமரா, அதிகாரிக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் எல்லாம் அந்த இரண்டாவது பிரேக். அது கட்டாயம் இருக்க வேண்டும், வேலை செய்யவும் வேண்டும். ஆனால் ஷிப்ட் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கும் அதிகாரியிடம் பையன் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: ஆள் பார்க்கும்போது அடங்கியிருப்பது. ஆணை முடிந்து வீட்டு புளோக்குக்குக் கீழே பழைய நண்பர்கள் காத்திருக்கும் மாலையில் அது உதவாது.

## பிரேக் பிடிக்காத வயது

மூளையின் முன்பகுதிதான் “இரு, யோசி” என்று சொல்லும் பகுதி. அது முழுதாக முதிர்ச்சியடைய இருபது வயதைத் தாண்டி இன்னும் சில ஆண்டுகள் ஆகும். உற்சாகத்தையும் பரிசையும் தேடும் பகுதியோ பதின்ம வயதிலேயே முழு வேகத்தில் ஓடும். எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொது. இல்லத்துக்கு வருகிறவர்கள் பலரிடம் இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: அடி, உதாசீனம், குடி, வீட்டில் ஓயாத சண்டை. அப்படி வளர்ந்த உடம்பு எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும். யாராவது குரலை உயர்த்தினால், பின்னாலிருந்து தோளைத் தொட்டால், அது உடனே சண்டைக்குத் தயாராகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திமிர் போலத் தெரிவதில் பாதி பயம்தான்.

பயந்த உடம்பிடம் கத்தினால் அது இன்னும் பயப்படும். அதனால்தான் பயிற்சியில் அதிகாரிகள் நிறைய நேரம் செலவிடுவது சூடு தணிக்கும் கலையில். அதாவது, எதிரே இருப்பவரின் கொதிப்பு கை கலப்பாக மாறுவதற்கு முன் பேச்சாலும் உடல்மொழியாலும் இறக்குவது. குரலைத் தாழ்த்துவது, நேருக்கு நேர் மோதுகிற மாதிரி நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பது, கை எட்டும் தூரத்துக்கு வெளியே இருப்பது, மற்ற பையன்களை அங்கிருந்து நகர்த்துவது. கடைசியாகச் சொன்னது முக்கியம். பார்வையாளர்கள் இருக்கும்வரை எந்தப் பதினைந்து வயதுக்காரனும் பின்வாங்க மாட்டான்.

## வருகை நேரம் முடிந்த பிறகு

ஒரு நிலைமையை நினைத்துப் பாருங்கள். வருகை நாள். அம்மா வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. மற்றவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டில் பையன் தட்டைத் தள்ளிவிடுகிறான். சோறும் குழம்பும் தரையில். பக்கத்து மேசையில் ஒருவன் சிரிக்கிறான். இவன் எழுந்துவிட்டான்.

புதிய அதிகாரியாக இருந்தால் வாயில் முதலில் வருவது, “உட்கார்! இப்பவே எடு!” அனுபவமுள்ளவர் சிரித்தவனையும் அவன் மேசையையும் இன்னொரு அதிகாரியிடம் கண்ணாலேயே ஒப்படைத்துவிடுவார். அப்புறம் மெதுவாக, “தம்பி, வா, அந்தப் பக்கம் நிக்கலாம்” என்பார்.

“எனக்குச் சாப்பாடு வேணாம் சார்.”

“சரி. சாப்பிட வேணாம். தண்ணி குடி.”

இரண்டு நிமிடம் ஒன்றும் பேச மாட்டார். அப்புறம், “இன்னிக்கு யாரும் வரலை, இல்ல?”

இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்ல அவர் மாலை நான்கு மணிக்கே வருகைப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். போன ஷிப்டில் இருந்தவர் ஒப்படைக்கும்போது, “இவன் அம்மாவை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கான்” என்று சொல்லியிருக்க வேண்டும். தட்டு தரையில் விழுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அவர் அவனைக் கண்ணில் வைத்திருந்தார்.

அப்புறம் தரையை யார் துடைப்பது? அவன்தான். துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரி பக்கத்திலேயே நிற்பார். செய்ததற்கு விளைவு இருக்கிறது, அவமானம் இல்லை. சலுகைப் புள்ளிகள் குறைந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்வார், ஏன் என்றும் சொல்வார். நாளைக்கு வேறொரு பையன் தட்டைத் தள்ளினாலும் இதே விளைவுதான். இது தவறினால் எல்லாம் போச்சு. பாரபட்சத்தை இந்தப் பிள்ளைகள் மோப்பம் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

ஆளைத் தெரிந்து வைத்திருப்பதால் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பை, சிறை நிர்வாகத் துறையில் இயங்குநிலைப் பாதுகாப்பு என்கிறார்கள். பூட்டும் வேலியும் இருந்த இடத்திலேயே இருக்கும். இது ஊழியரோடு நடந்து திரியும்.

## பூட்டும் எண்ணிக்கையும்

பேச்சு மட்டும் போதும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷிப்டின் பெரும்பகுதி சலிப்பூட்டும் வேலை. தலை எண்ணுவது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் மறுபடி எண்ணுவது. கரண்டி, கத்தரிக்கோல், பழுதுபார்க்கும் கருவிகள் கொடுத்த எண்ணிக்கையில் திரும்பி வந்தனவா என்று பார்ப்பது. அறைச் சோதனை. இரவில் தூங்குகிறார்களா, மூச்சு சீராக இருக்கிறதா, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் அறிகுறி ஏதும் உண்டா என்று குறித்த இடைவெளியில் பார்ப்பது. பார்த்ததை எழுதுவது. எழுதாத எதுவும் நடக்கவில்லை என்றே இந்தத் தொழிலில் கணக்கு.

இந்தச் சலிப்பிலும் மருந்து இருக்கிறது. எப்போது சாப்பாடு, எப்போது வகுப்பு, எப்போது விளக்கு அணையும் என்று தெரியாத வீட்டிலிருந்து வந்தவனுக்கு, நாள் தவறாமல் ஒரே மாதிரி ஓடும் நேர அட்டவணையே முதல் நிம்மதி. வந்த புதிதில் அதைத் திட்டுவான்; அப்புறம் அதில் ஐந்து நிமிடம் தாமதமானால் அவன்தான் முதலில் கேட்பான்.

## கை வைக்கும் நேரம்

சில சமயம் பேச்சு தோற்கும். ஒருவன் இன்னொருவனை நாற்காலியால் அடிக்கப் போகும்போது அதிகாரி பிடித்து நிறுத்தித்தான் ஆக வேண்டும். உலக அளவில் இதற்கு ஒரு வரையறை உண்டு. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறாரைப் பாதுகாப்பதற்கான விதிகளை ஐக்கிய நாடுகள் சபை 1990-இல் ஏற்றுக்கொண்டது. ‘ஹவானா விதிகள்’ என்று அவற்றைச் சொல்வார்கள். மற்ற எல்லா வழிகளும் தோற்ற பிறகு மட்டும், மிகக் குறைந்த நேரத்துக்கு மட்டும், பலத்தைப் பயன்படுத்தலாம், இழிவுபடுத்தக்கூடாது, சிறார் இருக்கும் இடத்தில் ஊழியர்கள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று அவை சொல்கின்றன. குழந்தைகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்பாட்டிலும் சிங்கப்பூர் 1995-இல் சேர்ந்தது.

மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. பிடித்து நிறுத்துவதும் அடிப்பதும் ஒன்றல்ல. பிடித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும், எழுத்தில். மேலதிகாரி கேட்பார், கேமராவும் பார்த்திருக்கும்.

## அதிகாரி மட்டும் இல்லை

அத்தை நினைப்பதுபோல நாலு நல்ல வார்த்தையால் திருத்த முடிந்தால் பள்ளி ஆசிரியரே திருத்தியிருப்பார். இல்லத்தில் வேலை பங்கு பிரிந்திருக்கும். கேஸ் வொர்க்கர் ஒருவர் பிள்ளையின் வழக்கையும் குடும்பத்தையும் தொடர்ந்து கவனிப்பார். உளவியலாளர் இருப்பார், பாடம் நடத்துபவர்கள் இருப்பார்கள்.

இவர்களை எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வைப்பது ஆபத்து மதிப்பீடு என்ற ஒன்று. பிள்ளை மறுபடி தவறு செய்யும் வாய்ப்பு எதனால் கூடுகிறது என்று முறையாகப் பிரித்துப் பார்ப்பது. கனடாவில் உருவான ஒரு மதிப்பீட்டு முறையைச் சிங்கப்பூரிலும் பயன்படுத்துகிறார்கள். அதில் 8 பகுதிகள்: செய்த குற்றங்கள், குடும்பம், படிப்பு அல்லது வேலை, சகாக்கள், போதைப் பழக்கம், ஓய்வுநேரம், குணமும் நடத்தையும், மனப்போக்கு. செய்த குற்றத்தை மாற்ற முடியாது. மீதி ஏழு பகுதிகளையும் மாற்றலாம். யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு அதிக உழைப்பு, அவரிடம் எது கோளாறோ அதிலேயே உழைப்பு என்பதுதான் திட்டத்தின் அடிப்படை.

இதில் ஓய்வுநேரம் என்று ஒரு பகுதி இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் காற்பந்து முடிந்து களைத்து வீடு போகிறவனும், அதே மணிக்கு வேலை எதுவும் இல்லாமல் மல்ட்டிஸ்டோரி கார்பார்க்கில் உட்கார்ந்திருப்பவனும் ஒன்றா?

கேஸ் வொர்க்கர் பையனைப் பார்ப்பது குறித்த நேரத்தில். அதிகாரி அவன் காலையில் எழும்போதும் பார்க்கிறார், கேரம் ஆட்டத்தில் தோற்கும்போதும் பார்க்கிறார், போனில் பேசிவிட்டுத் திரும்பும்போதும் பார்க்கிறார். மதிப்பீட்டுப் படிவத்தில் “கோபம்” என்று ஒரு வார்த்தை இருந்தால், அது எப்போது வருகிறது, யாரைக் கண்டால் வருகிறது என்று சொல்லத் தெரிந்தவர் அவர்தான்.

சுருக்கமாக: பூட்டும் எண்ணிக்கையும் ஆபத்தைத் தள்ளி வைக்கின்றன. சூடு தணிப்பதும் ஆளைத் தெரிந்து வைத்திருப்பதும் அன்றைய நாளைக் காப்பாற்றுகின்றன. மதிப்பீடும் திட்டமும் வெளியே போகும் நாளுக்காக. மூன்றிலும் அதிகாரிக்குப் பங்கு இருக்கிறது.

## யாருக்கு இந்த வேலை ஒத்துவரும்

உடம்பு பலசாலியாக இருக்க வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. கோபம் மெதுவாக வருபவராக இருந்தால் அதைவிட நல்லது. திட்டு வாங்கினாலும் அதை வீட்டுக்குத் தூக்கிப்போகாதவர், மறுநாள் அதே பையனிடம் கணக்கை முதலிலிருந்து தொடங்கக்கூடியவர். ஷிப்ட் வேலை என்பதால் தீபாவளியும் பொங்கலும் உள்ளேயே போகலாம். கேட்ட கதைகளின் பாரம் மனத்தில் தேங்கி, ஒரு கட்டத்தில் எதுவும் உறைக்காமல் போய்விடுவது உண்டு. பரிவுச் சோர்வு என்பார்கள். அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளவும் பந்தியில் முடியாது, பிள்ளைகளின் விவரம் ரகசியம். சக ஊழியர்கள்தான் கதி.

அன்பு நிறைய உள்ளவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. “இவனுக்கு மட்டும் ஒரு முறை” என்று விதியை வளைப்பார்கள். அது சின்னச் சலுகையில் தொடங்கி, ரகசியமாகப் போன் கொடுப்பதில் போய் முடியும். கண்டிப்பான அதிகாரியைப் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள். வளைந்து கொடுப்பவரை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

## வீட்டுக்காரர்களுக்கு

உள்ளே பிள்ளை இருக்கும் குடும்பத்திடம் அதிகாரிகள் எதிர்பார்ப்பது ரொம்பக் கொஞ்சம். வருவதாகச் சொன்ன நாளில் வாருங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே இல்லத்துக்குச் சொல்லிவிடுங்கள், அவர்கள் பையனிடம் பக்குவமாகச் சொல்வார்கள். கிடைத்த கொஞ்ச நேரத்தை “எங்க மானத்தை வாங்கிட்டியே” என்று தொடங்காதீர்கள். அவன் என்ன சாப்பிட்டான், எந்தப் பாடம் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். வீட்டு விடுப்பு கிடைத்து அவன் வரும்போது, திரும்ப வேண்டிய நேரத்துக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள்.

பிள்ளை இன்னும் வீட்டில்தான் இருக்கிறான், ஆனால் கை மீறிப் போகிறான் என்றால், பக்கத்துக் குடும்ப சேவை நிலையத்துக்குப் போங்கள். பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். பாய்ஸ் ஹோம் பெயரைச் சொல்லி மிரட்டுவதை நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் அங்கே போக நேர்ந்தால், கதவைத் திறந்துவிடும் அதிகாரியை அவன் முதல் நாளே எதிரியாகப் பார்ப்பான். அதை இறக்கிவைக்கவே அவருக்குச் சில வாரங்கள் பிடிக்கும்.